‘கடுவன்’ பட்டம் வந்த வரலாறு

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது நெருப்பு என்பார்கள் சிலர். இல்லை, சக்கரம்தான் என்பார்கள் வேறு சிலர். இரண்டு தரப்பாரும் சமயநல்லூர்ப் பக்கம் வந்து ஒரு காதுகுத்து விழாவைக்கூடப் பார்த்ததில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. பார்த்திருந்தால், மனித குலத்தின் மாபெரும் கண்டுபிடிப்பு ‘வகையறா’தான் என்று துண்டைப் போட்டுத் தாண்டியிருப்பார்கள்.

நெருப்பு சுடும். சக்கரம் உருளும். வகையறா இதில் ஒன்றையும் செய்யாது. சும்மா இருந்தபடியே ஒரு மனிதனைப் பெரிய மனிதன் ஆக்கிவிடும். பூட்டனுக்கு ஊரார் வைத்த ஒரு சொல் இருந்தால் போதும். அதற்குப் பின்னால் ‘வகையறா’ என்று சேர்த்து, ப்ளெக்ஸில் அடித்து, பங்காளிகள் அத்தனை பேரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, காதில் போனை வைத்து யாரிடமோ மிக முக்கியமான விஷயம் பேசுவதுபோல் நின்றுவிட்டால், அப்புறம் அந்த வகையறாவை யாராலும் அசைக்க முடியாது. ப்ளெக்ஸைக் காற்று அசைக்கும். அது வேறு.

அப்படி அசைக்க முடியாதவற்றுள் முதலிடம் ‘கடுவன் வகையறா’வுக்கு. கடுவன் என்றால் ஆண் பூனை. யார் அந்தப் பெயரை வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. தெரியாததால்தான் அதற்கு அவ்வளவு மரியாதை. சாமி கும்பிடுகளில் முதல் மாலை கடுவன் வகையறாவுக்கு. பஞ்சாயத்தில் முதல் நாற்காலி அவர்களுக்கு. டீக்கடையில் பேப்பர் வந்தால் முதல் பக்கம் அவர்களுக்கு.

வகையறாவின் தலைவர் கருத்தக்கண்ணன். சமயநல்லூர் ரோட்டோரம் ஹாலோ பிளாக் கல் பட்டறை வைத்திருந்தார். பட்டறை என்றதும் அவர் கல் அறுப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். அறுத்த கல் காய்வதை மேற்பார்வை பார்ப்பார். காய்கிற கல்லைக் கண்கொட்டாமல் நாற்காலியில் சாய்ந்து கவனிப்பது எவ்வளவு நுணுக்கமான தொழில் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவது, லோடுமேனுக்கு டீ கொடுப்பது, மாட்டைக் கறப்பது, சோறு பொங்குவது போன்ற சில்லறை வேலைகளை அவர் மனைவி பாண்டீஸ்வரி கவனித்துக்கொண்டாள்.

பாண்டீஸ்வரிக்கு அந்த வருஷம் ஒரே ஒரு கவலைதான். மகன் முத்துக்குமரனுக்குக் கல்யாணம் ஆக வேண்டும். பையன் குணத்தில் தங்கம், கம்பெனியில் வேலை. ஆனால் பெண் பார்க்கப் போகிற இடத்தில் வாயைத் திறக்கமாட்டான். “ஊமையா?” என்று கேட்ட வீடுகள்கூட உண்டு. கடைசியில் கோச்சடையில் சரண்யாதேவி என்ற பெண் அமைந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர். “ரெண்டு பேரும் பேசினா யாரு கேக்குறது? நானே பேசிக்கிறேன்” என்று சிரித்துச் சம்மதம் சொன்னாள்.

பாண்டீஸ்வரிக்கு அவளைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. பெண் பார்க்கப் போன அன்றைக்குச் சரண்யா பஜ்ஜித் தட்டை ஆண்கள் பக்கம் வைத்துவிட்டு, நேரே இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நீங்க சாப்பிட்டீங்களா அத்தை?” என்று கேட்டாள். பாண்டீஸ்வரி திகைத்துப்போனாள். அந்தக் கேள்வியை அவள் ஆயுசு முழுக்கக் கேட்டிருக்கிறாளே தவிர, அவளிடம் யாரும் கேட்டதில்லை. சாப்பிட்டோமா என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. யோசித்தபடியே, இவள்தான் என் மருமகள் என்று முடிவு கட்டிவிட்டாள்.

பேச்சு வார்த்தை முடிந்தது. “நீங்க எந்த வகையறா?” என்று கருத்தக்கண்ணன் கேட்டதற்கு, பெண்ணின் தகப்பனார் சிவக்குமார், “அதெல்லாம் டவுனுக்கு வந்ததும் விட்டாச்சு சம்பந்தி. இந்தக் காலத்துல வாட்ஸ்அப் குரூப்தான் வகையறா” என்று நாகரிகமாகச் சிரித்தார். குலசாமி கேட்டார்கள். அவர்கள் கோயில் வேறு, இவர்கள் கோயில் வேறு. ஆகவே கொள்வினை கொடுப்பினைக்குத் தடையில்லை. தேதி குறித்தார்கள். மண்டபம் பிடித்தார்கள்.

கல்யாணப் பத்திரிகையின் மாதிரி போனில் கோச்சடைக்குப் போனது. அரைமணி நேரத்தில் சிவக்குமார் கூப்பிட்டார்.

“சம்பந்தி, இதென்ன, ‘கடுவன் வகையறா’ன்னு கொட்டை எழுத்துல?”

“எங்க பட்டம் சம்பந்தி.”

“கடுவன்னா?”

“ஆம்பளைப் பூனைங்க.”

“அது தெரியுது. எங்க ஆபீஸ்ல சிடுமூஞ்சி மேனேஜர் ஒருத்தர் இருந்தாரு. அவரைத்தான் கடுவம்பூனைன்னு சொல்லுவோம். நான் இந்த அபார்ட்மெண்ட் அசோசியேஷன் செயலாளர். நாளைக்கு இந்தப் பத்திரிகையை எந்த முகத்தோட நீட்டுவேன்? ஒண்ணு பேரை எடுங்க. இல்லாட்டி பேருக்கு ஒரு கௌரவமான அர்த்தத்தைக் கண்டுபிடிங்க. அது வரைக்கும் பத்திரிகை அச்சாபீசுக்குப் போகாது.”

கருத்தக்கண்ணன் போனை வைத்தபோது மீசை நடுங்கியது. பேரை எடுப்பதா? கல்யாணம் எந்தக் காலத்திலும் கட்டிக்கொள்ளலாம். பட்டம் கிடைக்குமா?

மறுநாளே கல் பட்டறைக் கொட்டகையில் பங்காளிகளின் அவசரக் கூட்டம் கூடியது. செயலாளர் ‘ஸ்பீடு’ சின்னான் வழக்கம்போல் எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தார். அவர் ப்ளெக்ஸ் கடை வைத்திருந்ததால் வகையறாவின் அறிவுத்துறையும் அவர் பொறுப்பில் இருந்தது. ‘கடுவன் வகையறா சொல்லாய்வு மாமன்றம்’ என்ற அமைப்பு, பலத்த கைதட்டலுக்கிடையே நிறுவப்பட்டது. முதல் தீர்மானமாக, கறி எடுப்பதா கோழி எடுப்பதா என்ற பொருள் விவாதிக்கப்பட்டு, கறி என ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது. அந்த முடிவு அடுப்படிக்குத் தெரிவிக்கப்பட்டது.

“இப்ப ஆராய்ச்சிக்கு வருவோம்” என்றார் தலைவர் கருத்தக்கண்ணன். “கடுவன்னா என்ன? ஒவ்வொருத்தரா சொல்லுங்க.”

“ஆம்பளைப் பூனைண்ணே.”

“அது தெரியும். வேற?”

“கறுப்பா இருந்தாலும் ஆம்பளைப் பூனை, வெள்ளையா இருந்தாலும் ஆம்பளைப் பூனைண்ணே.”

“நல்ல கருத்து. எழுதிக்க சின்னான்.”

சின்னான் போனில் அகராதியைத் தேடிப் பார்த்தார். பார்த்தவர் முகம் வெளுத்தது. “அண்ணே, இதுல பூனைக்கு முன்னாடி வேற ஒண்ணு போட்டிருக்கான்.”

“என்னா?”

“ஆண் குரங்குன்னு.”

கொட்டகையில் கல் காய்கிற சத்தம்கூடக் கேட்டது. அந்தப் பொருள் உடனடியாக அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. அகராதிக்குக் கண்டனம் தெரிவிக்கப்பட்டது. இனி வெளியிலிருந்து ஒரு ‘வல்லுநரை’ வரவழைப்பது என்றும், அதுவரை சாப்பிடுவது என்றும் தீர்மானித்துக் கூட்டம் பந்திக்குக் கலைந்தது.

வல்லுநர் ராஜாராமன் மதுரையிலிருந்து வந்தார். ‘சொல் வேட்டைச் செம்மல்’ என்பது அவர் பட்டம். அதை அவரே ஆராய்ந்து அவருக்கே வழங்கியிருந்தார். யூடியூப் சேனல் வைத்திருந்தார். உலகத்தில் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும், அது எந்தக் கப்பலில் ஏறி எந்த நாட்டுக்குப் போனது என்று சொல்லிவிடுவார். பயணச்சீட்டு மட்டும்தான் காட்டமாட்டார்.

பொன்னாடை போர்த்தினார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

“கடு! கடு என்றால் கடுமை, வேகம், வலிமை. கடுவன் என்றால் வலிமையுடையவன். பாண்டியன் படையில் இரவில் ஓசையின்றிக் கோட்டை ஏறும் ஒரு தனிப்படை இருந்தது. ஓசையின்றி ஏறுவது எது?”

“பூ…பூனை” என்றார் சின்னான்.

“ஆகா! அந்தப் படையின் தளபதிதான் கடுவன். இன்றைக்குக் ‘கறுப்புப் பூனைப் படை’ என்கிறார்களே, யார் கொடுத்த யோசனை? நாம் கொடுத்தது! இன்னும் கேளுங்கள். கடுவனைக் கண்டு நடுங்கிய வெள்ளைக்காரன் வாயில் ‘வன்’ நுழையவில்லை. ‘கடு, கடு’ என்றான். குளிரில் அதுவும் சுருங்கி ‘கேட்’ ஆயிற்று. இங்கிலீஷ்காரன் பூனைக்குப் பேர் வைத்ததே உங்கள் பூட்டனைப் பார்த்துத்தான்!”

கொட்டகை அதிர்ந்தது. கருத்தக்கண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை காலம் இங்கிலீஷ் தெரியாது என்று வருந்தினாரே, இங்கிலீஷுக்கல்லவா அவரைத் தெரிந்திருக்கிறது!

மோர் கொண்டுவந்த பாண்டீஸ்வரி ஒரு சந்தேகம் கேட்டாள். “ஏங்க, தளபதி வீட்டுக்குக் கோட்டை கொத்தளம் ஒண்ணும் இல்லையா? நான் வாக்கப்பட்டு வந்தப்ப ஓட்டுவீடுல்ல ஒழுகிக்கிட்டு இருந்துச்சு?”

“ஆராய்ச்சியில பொம்பளை பேசாத” என்றார் கருத்தக்கண்ணன். “மோர்ல உப்பு கம்மி.”

சொற்பொழிவு யூடியூபில் ஏறியது. நாற்பதடி ப்ளெக்ஸும் ஏறியது. அதில் கோட்டை மதில், மதில்மேல் பூனை, பூனைக்குப் பக்கத்தில் பூனையைவிடக் கடுமையான முகத்தோடு பங்காளிகள். சிவக்குமாருக்கு வீடியோவை அனுப்பினார்கள். “பார்த்தேன் சம்பந்தி. திரும்பத் திரும்பப் பார்த்தேன்” என்றார். குரலில் ஒரு தழுதழுப்பு. “பத்திரிகை எழுதும் வைபவத்தை எங்க அபார்ட்மெண்ட் ஹால்லயே வச்சுக்குவோம். அங்க ஒரு முக்கிய அறிவிப்பு இருக்கு.”

பாண்டீஸ்வரி நிம்மதியாக மூச்சுவிட்டாள். சீர்த் தட்டுகளைத் துடைத்து அடுக்கினாள். மருமகளுக்கென்று வாங்கிவைத்த மாம்பழ நிறப் புடவையை எடுத்து ஒருதரம் விரித்துப் பார்த்து மடித்து வைத்தாள்.

வைபவத்தன்று கோச்சடை ஹால் நிறைந்திருந்தது. பெண்கள் பின்பக்கம் கேசரி கிண்டிக்கொண்டிருந்தார்கள். சிவக்குமார் மைக்கைப் பிடித்தார்.

“அன்பார்ந்த அசோசியேஷன் உறுப்பினர்களே! டவுனுக்கு வந்ததால் நான் இதுநாள் வரை மறந்திருந்த ஒரு வரலாற்று உண்மையை இன்று அறிவிக்கிறேன். என் பூட்டனார் வைகைக்கு மேற்கேயிருந்து வந்தவர். என் தகப்பனாருக்குப் பூனைக்கண். எனக்கும் பால் என்றால் உயிர். ஆகவே, நானும் கடுவன் வகையறாவே!”

பக்கத்தில் இருந்த ராஜாராமன் எழுந்தார். அவருக்கும் ஒரு பொன்னாடை விழுந்திருந்தது. “உண்மை! இரு குடும்பத்துக் குலசாமியும் ஒன்றே. நடுவில் ஆறு திசை மாறியதால் சாமியும் இடம் மாறி உட்கார்ந்தது” என்று உறுதிப்படுத்தினார்.

கைதட்டல் விண்ணைப் பிளந்தது. கருத்தக்கண்ணன் மேடைக்கு ஓடினார். “பங்காளி!” என்றார். “பங்காளி!” என்றார் சிவக்குமார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். சின்னான் போட்டோ எடுத்தார். வாசலில், ‘கடுவன்’ சிவக்குமார், பி.காம். என்று பித்தளைப் பலகைகூட மாட்டியாகிவிட்டது என்ற செய்தி வந்ததும் இன்னொரு கைதட்டல்.

பின்பக்கம் கேசரிக் கரண்டி நின்றது. பாண்டீஸ்வரியும் பெண்ணின் அம்மா தமிழ்ச்செல்வியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரே வகையறா என்றால் பங்காளி. பங்காளி பிள்ளைகள் என்றால் அண்ணன் தங்கச்சி. இது மதுரைச் சீமையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

பாண்டீஸ்வரி கரண்டியோடு ஹாலுக்குள் வந்தாள். “ஏங்க, நீங்க ரெண்டு பேரும் பங்காளின்னா, இப்ப யாருக்கு யாரு கூடப் பத்திரிகை எழுதப் போறீக?”

“என்னாடி கேள்வி? முத்துக்குமரனுக்கும் சரண்யா…” என்று ஆரம்பித்த கருத்தக்கண்ணனின் வாய், பாதியில் திறந்தபடியே நின்றது.

கரண்டு போன மாதிரிக் கைதட்டல் நின்றது. மூலையில் புதுச் சட்டையில் நின்ற முத்துக்குமரன் பேசாத பிள்ளை. அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சபையில் ஒரு வார்த்தை பேசினான். “ஐயய்யோ” என்றான்.

பிரச்சினை சின்னதுதான். இரண்டு பேரில் ஒருவர் பட்டத்தை விட்டால் கல்யாணம். ஆனால் வரலாறு அவ்வளவு எளிதில் வழிவிடுமா?

“நீங்க விட்டுருங்க பங்காளி. நேத்து வந்த பட்டம்தானே ஒங்களுக்கு?” என்றார் கருத்தக்கண்ணன்.

“பித்தளைல வெட்டியாச்சு பங்காளி. நீங்க ப்ளெக்ஸ்லதானே அடிச்சிருக்கீங்க? நீங்க விடுங்க.”

“பாண்டியன் படையில நாங்க எறங்கி நின்னவுக.”

“நாங்க அந்தப் படைக்கே முன்னாடி போனவங்க!”

சமரசத் திட்டங்கள் பல முன்வைக்கப்பட்டன. முன் பாதிப் பட்டம் ஒரு குடும்பத்துக்கு, பின் பாதி இன்னொரு குடும்பத்துக்கு என்றார் ஒருவர். ஆறு திசை மாறியதை ஆறிடமே கேட்கலாம் என்றார் இன்னொருவர். இறுதியில் ‘உண்மை கண்டறியும் துணைக்குழு’ அமைக்கப்பட்டது. அது அறிக்கை தரும்வரை கல்யாணம் ‘கொள்கையளவில்’ நிறுத்திவைக்கப்பட்டது. மண்டபத்துக்காரர் அந்தத் தேதிக்கு வேறு ஆள் காத்திருப்பதாகச் சொல்லியனுப்பினார்.

வீட்டில் முத்துக்குமரன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா பின்னாலேயே திரிந்தான்.

“அம்மா, சரண்யாவுக்குக் குட்மார்னிங் அனுப்பலாமா?”

“அனுப்பேன்டா. யாரு வேணாங்கிறா?”

“ஹார்ட்டு போடக்கூடாதாம்மா. பூப்படம் மட்டும்தான் போடணுமாம். சின்னான் சித்தப்பா தீர்மானம் போட்டுருக்காரு.”

பாண்டீஸ்வரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அதற்குள் சரண்யாவே அவளைப் போனில் கூப்பிட்டாள்.

“உங்களை நான் இனிமே என்னன்னு கூப்பிடணும்? நேத்து வரைக்கும் அத்தை. இன்னைக்குப் பெரியம்மான்னு கூப்பிடச் சொல்றாரு அப்பா.”

“நீ என்னத்தா சொன்ன?”

“பட்டத்தை நீங்க வச்சுக்கங்க, என் அத்தையை எனக்குக் குடுங்கன்னேன். பொண்ணு இன்னொரு வீட்டுக்குப் போயிருவ, பட்டம்தான் கடைசிவரைக்கும் எங்கூட இருக்கும்ங்கிறாரு.” சரண்யா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. “அத்தை… எனக்குப் பயமா இருக்கு. இவங்க நெசமாவே நிறுத்திருவாங்க.”

“ஒங்க அப்பன் என்ன, எங்க வீட்டு ஆளும் அப்படித்தான்” என்றாள் பாண்டீஸ்வரி. “நீ சாப்பிட்டியா?”

“இல்லை.”

“சாப்பிடு மொதல்ல. நான் பாத்துக்கிறேன்.”

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்கே தெரியாது. ஒன்று மட்டும் தெரிந்தது. இவர்களிடம் பட்டத்தைப் பிடுங்க முடியாது. யாராவது தானாகவே கீழே போட்டால்தான் உண்டு. கையில் இருப்பதை மனிதன் எப்போது தானாகக் கீழே போடுவான்? சுட்டால் போடுவான்.

துணைக்குழுவின் இறுதி அமர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கல் பட்டறைக் கொட்டகையில் நடந்தது. இரண்டு வீட்டு ஆண்களும் வந்திருந்தார்கள். வல்லுநரும் வந்திருந்தார். இரண்டு வீட்டுப் பெண்களும் கொட்டகைக்குப் பின்னால் பெரிய அண்டாக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கறிக்குழம்பு கொதிக்கத் தொடங்கியதும் விவாதத்தில் லேசான தளர்ச்சி ஏற்பட்டது. ஒவ்வொரு கடுவனின் மூக்கும் அடுப்படிப் பக்கம் திரும்பித் திரும்பி வந்தது.

பாண்டீஸ்வரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் பின்னால் தமிழ்ச்செல்வியும் மற்றப் பெண்களும் வந்து நின்றார்கள்.

“நான் ஒண்ணு பேசணும்.”

“மதினி, பொருள் நிரல்ல ஒங்க பேரு இல்லையே” என்றார் சின்னான்.

“சாப்பாடு இருக்கா அதுல?”

“இருக்கு மதினி. கடைசிப் பொருள்.”

“அப்ப நானும் இருக்கேன்.”

இந்தச் சட்ட நுணுக்கத்தைச் சின்னான் அவைக் குறிப்பில் எழுதிக்கொண்டார். அவள் தொடங்கினாள்.

“கடுவன்கிற பேரு எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நான் வாக்கப்பட்டு வந்தப்ப எங்க மாமியா சொன்னாக. மொத மொத கடுவன்னு பேரு வாங்குனவரு சுடலைன்னு ஒரு பூட்டன். படையில எல்லாம் இல்லை. வீட்டுலதான் இருந்தாரு. வீட்டுலயும் இல்லை. காலையில எந்திரிச்சா ஆளு எங்க போவாருன்னு தெரியாது. களையெடுக்கணும், ஆளைக் காணோம். மாடு ஈனுது, ஆளைக் காணோம். பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாக் கொதிக்குது, ஆளைக் காணோம். ஆனா குழம்பு கொதிச்சு எறக்குற நேரம் பாருங்க, எங்கிருந்துதான் வருவாரோ, சத்தமே இல்லாம நெலப்படியில நிப்பாரு. ஒரு செருமல். அம்புட்டுத்தான்.”

பெண்கள் பக்கம் ஒரு தலை ஆடியது.

“தலைப்பங்கு அவருக்குத்தான். தின்னுட்டு மீசையை இப்படியும் அப்படியும் தடவிக்கிட்டு, ‘உப்பு கம்மி’ம்பாரு. பெறகு நெழலாப் பாத்துப் படுத்துருவாரு. எதாச்சும் கேட்டா, கண்ணை மட்டும் தொறந்து ஒரு மொறை மொறைப்பாரு. கேட்டவ வாய மூடிக்கிருவா. ஊருக் கெணத்தடியில தண்ணி எறைக்கிற பொம்பளைக ஒருத்திக்கொருத்தி கேட்டுக்கிருவாகளாம், ‘ஏய், ஒங்க வீட்டுக் கடுவன் வந்துருச்சா?’ன்னு. அதுதான் பட்டம். பாண்டியன் குடுக்கலை. கெணத்தடியில குடுத்தது.”

முன்னோர் வரலாற்றைக் கேட்ட பக்தியால் ஆண்கள் அனைவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மீசையைத் தடவப் போன கையைப் பாதி வழியில் திருப்பிக்கொண்டார். பின்னால் தமிழ்ச்செல்வி, “அட, எங்க வீட்டுலயும் அப்படியே…” என்று ஆரம்பித்துச் சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிவக்குமார் மெல்ல எழுந்தார். செயலாளருக்கே உரிய கம்பீரத்தோடு அறிவித்தார்.

“ஆராய்ச்சியில் ஒரு சிறு பிழை நேர்ந்திருப்பது இப்போது தெரியவருகிறது. எங்கள் குடும்பத்துக்கும் கடுவன் என்ற அந்த… அந்த நபருக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பலகை இன்று மாலையே இறங்கும்.”

“ஆறு?” என்றார் சின்னான்.

“ஆறு திசை மாறவேயில்லை” என்றார் ராஜாராமன் உடனே. “சாமிகள் வேறு வேறுதான். இவர்கள் குடும்பத்துப் பட்டம் கடுவன் அல்ல. வேங்கை! புலி!”

புலியும் பூனை இனம்தானே என்று சொல்ல முத்துக்குமரன் வாயைத் திறந்தான். பாண்டீஸ்வரி அவன் காலை ஓங்கி மிதித்தாள். பிள்ளை வழக்கம்போல் ஊமையானான்.

“அப்ப நீங்க பங்காளி இல்லையா?” என்றார் கருத்தக்கண்ணன் பரிதாபமாக.

“சம்பந்தி!” என்றார் சிவக்குமார், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. “சம்பந்தி! சம்பந்தி!”

துணைக்குழு வெற்றிகரமாகக் கலைக்கப்பட்டது. கருத்தக்கண்ணன் மட்டும் சற்று நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். நாற்பதடி ப்ளெக்ஸை என்ன செய்வது என்று சின்னான் கேட்டார். “படத்தை உள்பக்கமாத் திருப்பி, பந்திப் பந்தலுக்குக் கூரையாக் கட்டு” என்றார். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்து, ஒரு செருமல் செருமப் போனவர், தன்னைச் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்துவிட்டு அதை அப்படியே விழுங்கினார். அவரது பொதுவாழ்வில் விழுங்கப்பட்ட முதல் செருமல் அது.

குறித்த தேதியில், குறித்த மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. பந்தியில் ஆண்கள் சிலர் இலை எடுக்கவும் தண்ணீர் ஊற்றவும் முண்டியடித்ததைக் கண்டு ஊரே வியந்தது. எல்லோரும் போட்டோக்காரர் பக்கமாக நின்றுதான் ஊற்றினார்கள் என்றாலும், தண்ணீர் தண்ணீர்தானே.

மறுவீடு முடிந்த மத்தியானம், சமயநல்லூர் வீட்டு அடுப்படியில் சரண்யாவும் பாண்டீஸ்வரியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாம்பழ நிறப் புடவை பெண்ணுக்கு நன்றாகவே பொருந்தியிருந்தது.

“அத்தை, ஒண்ணு கேக்கணும். அந்தச் சுடலை பூட்டன் கதையை நெசமாவே உங்க மாமியார்தான் சொன்னாங்களா?”

பாண்டீஸ்வரி வாசல் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க மாமியாளா? அது எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசுனதே கெடையாதுத்தா. சுடலைன்னு ஒரு பூட்டனும் கெடையாது. கறிக்குழம்பை எறக்கி வச்சுட்டு வந்தேன், வாயில வந்ததைச் சொன்னேன்.”

“அடக் கடவுளே! அம்புட்டும் பொய்யா?”

“பொய்யின்னா, அங்கன உக்காந்திருந்த ஆம்பளைகள்ள ஒருத்தனாச்சும் எந்திரிச்சு ‘பொய்யி’ன்னு சொல்லியிருக்கணும்ல?” என்றாள் பாண்டீஸ்வரி, மருமகள் இலையில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றியபடி. “அம்புட்டுப் பேரும், ‘எங்க வீட்டுக் கதை இவளுக்கு யாரு சொன்னா?’ன்னுல்ல முழிச்சுக்கிட்டு இருந்தாக.”